சூசான்லியில் ஊசி, தொடையில் அளவு: தீவிர சிகிச்சையில் மின் அக்குபங்சர் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

மின் அக்குபங்சர் என்பது உடலில் குத்திய ஊசிகள் வழியே சிறு மின்னோட்டம் செலுத்துவது; சூசான்லி காலில் உள்ள ஓர் ஊசிப் புள்ளி. இங்கே வரும் நோயாளி தனி ஒருவர் அல்லர். தீவிர சிகிச்சைப் பிரிவில் அடிக்கடி எதிர்ப்படும் நிலைகளையும் பிழைகளையும் சேர்த்துப் பயிற்சிக்காக அமைத்த மாதிரி நிகழ்வு இது. அவருடைய பரிசோதனை எண்கள் பயிற்சி எண்கள். ஆய்வுகளிலிருந்து எடுத்த எண்கள் வரும் இடத்தில் ஆய்வின் ஆண்டும் சேர்ந்து வரும்.

நோயாளி

58 வயது ஆண். உயரம் 170 செ.மீ., எடை 70 கிலோ. நீரிழிவு இல்லை. நோய்க்கு முன் நடமாட்டத்தில் எந்தக் குறையும் இல்லை. நிமோகாக்கஸ் நிமோனியாவோடு வந்தவருக்கு அன்றைக்கே செப்டிக் அதிர்ச்சி ஏற்பட்டு, வென்டிலேட்டர் போட வேண்டியதாயிற்று. உயரத்தைக் கொண்டு கணக்கிட்ட எடை 66 கிலோ என்பதால் ஒரு மூச்சுக்கு 400 மி.லி. வைத்தார்கள். இரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் நார்அட்ரினலின் உச்சத்தில் நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.35 மைக்ரோகிராம் வரை போனது. ஹைட்ரோகார்ட்டிசோன் 6 மணிக்கொருமுறை 50 மி.கி. ஆக்சிஜன் ஏறாததால் 2ஆம் நாள் முதல் தசைத்தளர்த்தி மருந்தான சிஸ்அட்ராகியூரியம் ஓட்டி, ஒரு தடவைக்கு 16 மணி நேரம் குப்புறப் படுக்கவைத்தார்கள். சிறுநீர் நின்றுவிட்டதால் 3ஆம் நாள் இடது கவட்டில் கதீட்டர் போட்டுத் தொடர் டயாலிசிஸ் தொடங்கியது. அதற்குள் உடலில் தங்கிய நீர் 7.8 லிட்டர். 4ஆம் நாள் காலையில் நெஞ்சுக்கூட்டில் சீழ் இருப்பது தெரிந்து குழாய் வைத்து வடித்தார்கள்.

இப்படிப்பட்ட ஒருவரின் தசை எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதை 2013இல் லண்டனில் ஸூடின் புதுச்சேரியும் குழுவினரும் 63 நோயாளிகளிடம் அளந்து காட்டினார்கள். தொடையின் முன்பக்க ரெக்டஸ் ஃபெமோரிஸ் தசையின் குறுக்குவெட்டுப் பரப்பு 10 நாளில் 17.7 சதவீதம் குறைந்தது. ஓர் உறுப்பு மட்டும் செயலிழந்தவர்களுக்கு 7ஆம் நாளில் இழப்பு 3 சதவீதம். பல உறுப்புகள் செயலிழந்தவர்களுக்கு 15.7 சதவீதம். நம் நோயாளி இரண்டாவது வகை: நுரையீரல், இரத்த ஓட்டம், சிறுநீரகம் மூன்றும் தடுமாறுகின்றன.

கரைவதற்குக் காரணம் படுக்கையில் கிடப்பது மட்டும் என்றால் சிக்கல் எளிது. டிஎன்எஃப், ஐஎல்-6 போன்ற அழற்சிப் பொருள்கள் தசைநாருக்குள் என்எஃப்-கேபி, ஃபாக்ஸ்ஓ என்னும் விசைகளைத் தட்டிவிடுகின்றன. மர்ஃப்-1, அட்ரோஜின்-1 என்ற நொதிகள் கூடி, தசைப் புரதத்துக்கு யூபிக்விட்டின் அடையாளம் குத்தி அழிவுக்கு அனுப்புகின்றன. அதே நேரத்தில் எம்டார் வழி மந்தமாகிப் புதுப் புரதம் கட்டுவதும் குறைகிறது. ஸ்டீராய்டும் அசைவின்மையும் இந்த வேகத்தைக் கூட்டும். ஆக, தீயை அணைப்பது ஒரு வேலை, தசையை இயங்கவைப்பது இன்னொரு வேலை. மின் அக்குபங்சர் இரண்டையும் ஒரே ஊசியில் செய்யும் என்று சொல்லப்படுவதால்தான் குழப்பம் தொடங்குகிறது.

இரண்டு வேலை, இரண்டு அமைப்பு

அழற்சிப் பக்கத்து அறிவு பெரும்பாலும் சுண்டெலியிலிருந்து வந்தது. 2014இல் லூயிஸ் உய்யோவாவின் குழு எஸ்டி-36 புள்ளியில் (சீனப் பெயர் சூசான்லி) மின்னூட்டிய எலிகளில் அழற்சிப் பொருள்கள் குறைவதைக் காட்டியது. தூண்டல் காலின் சியாட்டிக் நரம்பில் ஏறி, வேகஸ் நரம்பு வழியாக அட்ரினல் சுரப்பியின் உள்பகுதிக்குப் போய், அங்கே டோபமின் சுரக்கவைக்கிறது. அட்ரினலை எடுத்துவிட்டால் பலன் இல்லை. 2020இல் ச்சியூஃபு மாவின் ஹார்வர்ட் குழு ஒரு முக்கியமான பிரிப்பைச் செய்தது. பின்னங்காலில் 0.5 மில்லிஆம்பியர் போன்ற குறைந்த மின்னோட்டமே வேகஸ்–அட்ரினல் வழியைத் தட்டப் போதும். வயிற்றின் எஸ்டி-25இல் 3 மில்லிஆம்பியர் கொடுத்தால் தட்டுப்படுவது வேறு வழி, மண்ணீரலுக்குப் போகும் சிம்பதடிக் நரம்பு. இந்த இரண்டாவது வழி, நோய் வருவதற்கு முன் தூண்டினால் காப்பாற்றியது. நோய் முற்றிய பின் தூண்டினால் அழற்சியைக் கூட்டியது. 2021இல் அதே குழு, காலின் ஆழ்ந்த தசையுறையில் பரவியிருக்கும் ஒரு குறிப்பிட்ட வகை உணர்நரம்புகள்தான் சூசான்லியின் வேலைக்குக் காரணம் என்றும், வயிற்றில் அதே குறைந்த மின்னோட்டம் ஏன் பலிக்கவில்லை என்றும் விளக்கியது.

எலிக்கான மில்லிஆம்பியரை மனிதக் காலில் அப்படியே வைக்க முடியாது. ஆனால் இரண்டு பாடங்களைப் படுக்கையருகே கொண்டுபோகலாம். அழற்சிக்காகத் தூண்டும்போது கூடுதல் மின்னோட்டம் கூடுதல் பலன் தராது. செப்டிக் அதிர்ச்சி முற்றிய நோயாளியின் வயிற்றில் பலமான மின்தூண்டல் வேண்டாம். குடல் அசைய வேண்டும் என்று சொல்லி எஸ்டி-25இல் குமிழைத் திருகும் வழக்கம் உண்டு. இந்த நோயாளிக்கு நார்அட்ரினலின் ஓடிக்கொண்டிருந்தவரை அதைத் தவிர்த்தார்கள். அது சரியான முடிவு.

தசைப் பக்கத்துக் கணக்கு இதற்கு நேரெதிர். தசை சுருங்கினால்தான் பலன். சுருக்கத்துக்கு இயக்கநரம்பின் வாசலைத் தாண்டிய மின்னோட்டம் வேண்டும். அதுவும் ஊசி இருக்கும் தசையில்தான் சுருக்கம் வரும். எஸ்டி-36 இருப்பது முழங்காலுக்குக் கீழே, பாதத்தை மேலே தூக்கும் டிபியாலிஸ் ஆன்டீரியர் தசையில். பலரும் அங்கே ஊசி குத்திவிட்டுத் தொடையின் ரெக்டஸ் ஃபெமோரிஸை அளந்து பலன் தேடுகிறார்கள். தொடையில் ஒரு நார்கூட அசைந்திருக்காது. தொடை காக்கப்பட்டால் அது அழற்சி குறைந்ததால் இருக்கலாம், உணவால் இருக்கலாம், அளவுப் பிழையாகவும் இருக்கலாம்; சுருக்கத்தால் இருக்கவே முடியாது.

அதனால் இந்த நிகழ்வில் இரண்டு தனி அமைப்புகள். இரண்டு கால்களிலும் எஸ்டி-36, எஸ்டி-37 (ஷாங்ஜுஷு) ஜோடி: அழற்சி நோக்கம், 2 ஹெர்ட்ஸ், 30 நிமிடம், மின்னோட்டம் பாதம் கண்ணுக்குத் தெரியும்படி துடிக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தம். வலது தொடையில் மட்டும் எஸ்டி-32, எஸ்டி-34 ஜோடி: தசை நோக்கம், 4 ஹெர்ட்ஸ், 20 நிமிடம், முழங்கால் சில்லு தெளிவாகத் துள்ளும் அளவு. இடது கவட்டில் டயாலிசிஸ் கதீட்டர் இருந்ததால் அந்தத் தொடை துள்ளுவது கூடாது. கதீட்டர் மடங்கி இயந்திரம் நின்றுவிடும். இடது தொடை இப்படித் தற்செயலாக ஒப்பீட்டுக்குக் கிடைத்தது.

தொடங்குமுன் பார்த்தவை

நார்அட்ரினலின் 4ஆம் நாள் 0.18க்கு இறங்கி, 6 மணி நேரமாக ஏறவில்லை. தட்டணுக்கள் 71,000. அழுத்திப் பிடிக்கக்கூடிய இடங்களில் மெல்லிய ஊசி என்பதால் 50,000க்கு மேல் ஏற்கலாம் என்பது எச்சரிக்கையான வரம்பு. டயாலிசிஸ் சுற்று சிட்ரேட்டில் ஓடியது, அதாவது உடல் முழுவதும் ஹெப்பாரின் ஏறவில்லை. பேஸ்மேக்கர் இல்லை; இருந்திருந்தால் பேச்சே இல்லை. இரண்டு கால் சிரைகளிலும் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்து இரத்தக்கட்டு இல்லை என்று உறுதிசெய்தார்கள். கட்டு இருக்கும் காலைத் துள்ளவிடக் கூடாது. ஊசி இடங்களில் தோல் முழுமையாக இருந்தது. நீர் கசியும் தோலில், கொப்புளத்தில், சிவந்த செல்லுலைட்டிஸில் குத்தினால் கிருமியை உள்ளே அனுப்புகிறோம். குடும்பத்தாரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கினார்கள். நோயாளி விழித்த பின் அவரிடமே மறுபடி கேட்க வேண்டும் என்பதும் ஒப்புதல் தாளில் இருந்தது.

ஊசி, கம்பி, மின்னோட்டம்

எஸ்டி-36ஐ விரலால் கண்டுபிடிப்பது எளிது. முழங்கால் சில்லுக்குக் கீழே வெளிப்பக்கக் குழியிலிருந்து நோயாளியின் நான்கு விரல் அகலம் இறங்கி, முன்னெலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலம் வெளியே. அளவு நோயாளியின் விரல், குத்துபவரின் விரல் அல்ல. எஸ்டி-37 அதற்குக் கீழே மறுபடி நான்கு விரல். எஸ்டி-34 முழங்கால் சில்லின் மேல்வெளி மூலையிலிருந்து இரண்டு கட்டைவிரல் அகலம் மேலே. எஸ்டி-32 சில்லின் மேல்விளிம்பிலிருந்து ஆறு கட்டைவிரல் அகலம் மேலே, தொடையின் முன்வெளிப் பக்கம்.

சிரமம் ஆழத்தில்தான். வீங்கிய காலில் தோலுக்கும் தசை உறைக்கும் இடையே நீர் நிற்கிறது. வழக்கமான 25 மி.மீ. ஆழம் இங்கே தோலடியிலேயே ஏறக்குறைய பாதி தீர்ந்துவிடும். இந்த நோயாளிக்கு அல்ட்ராசவுண்டில் எஸ்டி-36 அடியில் தோலிலிருந்து உறை வரை 12 மி.மீ. இருந்தது, 0.30 × 50 மி.மீ. ஊசி எடுத்து 32 மி.மீ. ஆழத்தில் நிறுத்தினார்கள். அதற்கு மேல் ஆழ்ந்த பெரோனியல் நரம்பும் முன்கால் தமனியும் வரும். ஊசியின் மூன்றில் ஒரு பங்காவது வெளியே நிற்க வேண்டும். தசை துள்ளும்போது ஊசி உள்ளே இழுபடும். ஊசி உடைந்தால் பெரும்பாலும் கைப்பிடி சேரும் இடத்தில்தான் உடையும். அடி வரை குத்தியிருந்தால் பிடித்து எடுக்க ஒன்றும் மிஞ்சாது. 0.20 மி.மீ. ஊசியை மின்தூண்டலுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

தோலை 2 சதவீத குளோர்ஹெக்சிடின் கலந்த 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து, முழுக்கக் காயவிட வேண்டும். ஈரத்தில் குத்தினால் எரியும், கிருமியும் சாகாது. கைப்பிடி உலோகச் சுருளாக இருக்கட்டும். பிளாஸ்டிக் கைப்பிடியில் கிளிப் மாட்டினால் மின்சாரம் ஓடாது. "நோயாளிக்குப் பதில் இல்லை" என்று எழுதிவைத்த சில அமர்வுகளுக்குக் காரணம் வெறும் பிளாஸ்டிக். முதலைக் கிளிப்பின் எடை ஊசியைச் சாய்க்கும் என்பதால் கம்பியைத் தோலில் பிளாஸ்திரியால் ஒட்டிவிட வேண்டும். ஒரு ஜோடியின் இரண்டு ஊசிகளும் ஒரே காலில் இருக்க வேண்டும். ஒன்று கையிலும் ஒன்று காலிலுமாக நெஞ்சைக் கடந்து மின்சாரம் போகும்படி எப்போதும் மாட்டக் கூடாது.

கருவி பேட்டரியில் ஓட வேண்டும், அலை இருபுறமும் சமமாக இருக்க வேண்டும். ஒரே பக்கம் பாயும் மின்சாரம் ஊசியை அரித்து, திசுவைச் சுடும். பல கருவிகளில் குமிழைச் சுற்றி 1 முதல் 10 வரை எண் போட்டிருக்கும். அது மில்லிஆம்பியர் அல்ல. மருத்துவக் கருவிப் பொறியாளரிடம் கொடுத்து, 500 ஓம் மின்தடையை மாட்டி அலைகாட்டியில் பார்க்கச் சொல்லுங்கள்: தடைக்குக் குறுக்கே 500 மில்லிவோல்ட் உச்சம் என்றால் 1 மில்லிஆம்பியர். மல்டிமீட்டர் இதற்கு உதவாது. 1 மில்லிஆம்பியர் உச்சம், 0.2 மில்லிசெகண்ட் அகலம், நொடிக்கு 2 துடிப்பு என்றால் சராசரி வெறும் 0.4 மைக்ரோஆம்பியர், மீட்டரில் பூஜ்யம்தான் தெரியும். அதை நம்பிக் குமிழைத் திருகினால் ஆபத்து.

மயக்கத்தில் இருக்கும் நோயாளியிடம் "தே ச்சீ" என்ற கனத்த உணர்வு வந்ததா என்று கேட்க முடியாது. பாதத்தைப் பார்க்க வேண்டும். மின்னோட்டத்தைப் பூஜ்யத்திலிருந்து 0.1 மில்லிஆம்பியர் படியாக ஏற்றிக்கொண்டே போகும்போது பாதம் மேல்நோக்கித் துடித்தால் இடம் சரி. பாதம் வெளிப்பக்கம் திரும்பினால் ஊசி வெளியே விலகிப் பெரோனியஸ் தசைப் பக்கம் போயிருக்கிறது. முதல் துடிப்பு தெரியும் எண்ணை, அதாவது துடிப்பு வாசலை, ஒவ்வொரு அமர்விலும் இரண்டு காலுக்கும் தனித்தனியே எழுதிவைக்க வேண்டும். இந்த நிகழ்வில் மிகப் பயன்பட்டது இந்த எண்தான்.

தொடையை வலுவாகச் சுருக்கிப் பிடிக்கவைக்கும் 30–50 ஹெர்ட்ஸ் தூண்டலை ஊசியில் கொடுக்கவில்லை. சுருங்கிப் பிடித்த தசைக்குள் ஊசி வளையும். அந்த வேலைக்குத் தோல்மேல் ஒட்டும் பட்டைகள்தான் பொருத்தம். ஆனால் வீங்கிய தோலில் பட்டையின் மின்சாரம் நீரில் பரவித் தசைக்குப் போய்ச் சேருவதில்லை. அந்தச் சில நாள்கள்தான் ஊசிக்கு உண்மையான மேன்மை உள்ள காலம்: அது நீரைக் கடந்து தசைக்குள்ளேயே நிற்கிறது.

பிழைகள்

4ஆம் நாள் மாலை முதல் அமர்வு. சிஸ்அட்ராகியூரியம் நின்று அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பாதத்தில் துடிப்பு இல்லை. நோயாளியைப் பார்த்துக்கொண்டவர் மின்னோட்டத்தை 6 மில்லிஆம்பியர் வரை ஏற்றி, அதையே அமர்வுத் தாளில் அமைப்பு எண்ணாக எழுதினார். மறுநாள் காலையில் வந்த அடுத்தவர் தாளைப் பார்த்து 6இலேயே தொடங்கினார். மருந்தின் பிடி அதற்குள் விலகியிருந்தது. கால் உதறி எழுந்தது. நாடி 88இலிருந்து 124. நடத்தை வலி அளவுகோலில் (3 என்றால் வலி இல்லை) 3இலிருந்து 7. நோயாளி வென்டிலேட்டரோடு முட்டினார். கருவியை அணைத்த உடனே எல்லாம் அடங்கியது. ஒரு ஊசி வளைந்திருந்தது.

தசைத்தளர்த்தி மருந்து நரம்புக்கும் தசைக்கும் இடையிலான சந்தியை அடைக்கிறது. எவ்வளவு மின்னோட்டம் கொடுத்தாலும் நரம்பு வழியாகத் துடிப்பு வராது. மணிக்கட்டு நரம்பை அடுத்தடுத்து நான்கு முறை தூண்டிப் பார்க்கும் நான்கு-துடிப்புச் சோதனை செய்து நான்கும் வந்த பின்னரே வாசலைத் தேட வேண்டும். அதுவரை தொடை அமர்வு பயனற்றது. அழற்சி அமர்வுக்கும் அளவு தெரியாது என்பதால் நிறுத்திவைப்பதே நல்லது. முந்தைய நாள் எண்ணில் தொடங்குவது என்ற பழக்கமே இருக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்து. கழற்றும்போதும் குமிழ் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் கிளிப்பைத் தொட வேண்டும்.

6ஆம் நாள் இரவு இன்னொரு கலவரம். மானிட்டரில் நிமிடத்துக்கு 240 என்று அகலமான அலைகள். பணி மருத்துவர் மின்னதிர்ச்சி வண்டியோடு ஓடிவந்தார். தொடையில் ஓடிய 4 ஹெர்ட்ஸ் துடிப்புதான் அது, 60 நொடிக்கு 240. கண்டுபிடிக்கும் வழி எளிது: விரலில் மாட்டிய ஆக்சிஜன் அலையும் தமனிக் கோட்டின் அழுத்த அலையும் 92இல் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன. அதன்பின் அமர்வு தொடங்குமுன் செவிலியரிடம் சொல்வது, படுக்கைமேல் "மின்தூண்டல் நடக்கிறது" என்று அட்டை மாட்டுவது இரண்டும் வழக்கமாயின. ஆனால் அட்டை இருக்கிறதே என்று உண்மையான இதயத் தாளக் கோளாறைப் புறக்கணித்துவிடவும் கூடாது. சந்தேகம் வந்தால் கருவியை அணை, பிறகு பார்.

குத்திய ஊசி ஆறு, எடுத்த ஊசி ஆறு என்று இருவர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திட வேண்டும். போர்வைக்குள் மறந்த ஊசி, நோயாளியைப் புரட்டும்போது செவிலியரின் கையில் ஏறும்.

9ஆம் நாள் வாசல் சொன்னது

வலது கால் வாசல் 5ஆம் நாள் 1.4, 7ஆம் நாள் 1.6, 9ஆம் நாள் 2.9, 10ஆம் நாள் 4.2 மில்லிஆம்பியர். இடது கால் அதே நாள்களில் 1.5, 1.7, 1.8, 1.9.

வீக்கம் இதற்குக் காரணமாக இருக்க முடியாது. டயாலிசிஸில் நீர் எடுத்து இரண்டு கால்களும் வற்றிக்கொண்டிருந்தன. கம்பியை இடம் மாற்றிப் பார்த்தார்கள், எண் காலோடுதான் நின்றது. தீவிர நோயில் வரும் நரம்புச் சிதைவு என்று முதலில் நினைத்தார்கள். இத்தாலியின் பிரெஷியாவில் நிக்கோலா லட்ரோனிகோவின் குழு, பெரோனியல் நரம்பு ஒன்றை மட்டும் சோதித்தே அந்தச் சிதைவை விரைவாக வடிகட்டலாம் என்று காட்டியிருக்கிறது. எஸ்டி-36 ஊசி அந்த நரம்பின் ஆட்சிப் பகுதியில்தான் நிற்கிறது. ஆனால் அந்தச் சிதைவு இரண்டு கால்களையும் பிடிக்கும். ஒற்றைக் காலில் மட்டும் வாசல் ஏறினால் உள்ளூர்க் காரணம் தேட வேண்டும்.

போர்வையை விலக்கியதும் காரணம் தெரிந்தது. வலது கால் வெளிப்பக்கம் சுருண்டு, முழங்காலின் வெளிப்புற எலும்பு முனை கட்டிலின் கம்பியில் அழுந்தியிருந்தது. பொதுப் பெரோனியல் நரம்பு அந்த எலும்பின் கழுத்தைச் சுற்றித் தோலுக்கு மிக அருகில் போகிறது. மெலிந்த காலில் அதைக் காக்கக் கொழுப்பும் இல்லை. நரம்புக் கடத்தல் சோதனையில் எலும்புக் கழுத்துக்கு மேலே தூண்டியபோது அலை சரிந்தது, கீழே தூண்டியபோதும் ஓரளவு குறைந்தே வந்தது: அழுத்தத் தடையோடு நரம்புநார்ச் சிதைவும். தொடைக்கு வெளியே துணிச்சுருள் வைத்து, காலை நேராக்கி, பாதத்துக்குத் திண்டு வைத்த பலகை கட்டினார்கள். கண் திறக்காத நோயாளியிடம் பாதத் தொய்வு தெரியவே வாரங்கள் ஆகும். வாசல் எண்ணை எழுதிவைத்ததால் நாள்களில் தெரிந்தது.

தசையின் அளவு

ரெக்டஸ் ஃபெமோரிஸை அளக்க 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட நேர்கோட்டு ப்ரோபு, இடுப்பு எலும்பின் முன்முனையிலிருந்து முழங்கால் சில்லின் மேல்விளிம்பு வரையான தூரத்தில் ஐந்தில் மூன்று பங்கு இறங்கிய இடம், அழியாத மையில் குறி, மூன்று அளவுகளின் சராசரி. ப்ரோபை அழுத்தினால் தசை தட்டையாகும். ஜெல்லின் படலம் திரையில் தெரியும் அளவுக்கு மட்டும் தொட வேண்டும்.

வலது தொடை: 3ஆம் நாள் 5.1 ச.செ.மீ., 7ஆம் நாள் 5.2, 14ஆம் நாள் 4.2. இடது தொடை: 5.0, 5.0, 4.0.

7ஆம் நாள் எண்ணைப் பார்த்து "ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை" என்று எழுதியிருந்தார்கள். அன்று உடலில் தங்கிய நீர் 9 லிட்டர். தோலடித் தடிமன் 9 மி.மீ.யிலிருந்து 13 ஆகியிருந்தது, தசையின் உள்ளே வெண்மையும் கூடியிருந்தது. தசைக்குள் நீர் புகுந்தால் பரப்பு கூடும், புரதம் கூடாது. ஊசி குத்தாத இடது தொடையும் குறையவில்லை என்பதே போதுமான எச்சரிக்கை. நீர் வற்றிய பின் உண்மை வெளிவந்தது: வலதில் 18 சதவீத இழப்பு, இடதில் 20. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, ஒரே கை மறுபடி அளந்தாலே வரக்கூடிய பிழைக்குள் அடங்குகிறது. 3ஆம் நாள் அளவே வீங்கிய தொடையில் எடுத்தது என்பதையும் சேர்த்தால் உண்மையான இழப்பு இதைவிடவும் அதிகம். தொடைத் துள்ளல் தசையைக் காத்தது என்று இந்த நிகழ்விலிருந்து சொல்ல வழியில்லை.

டிபியாலிஸ் ஆன்டீரியரின் தடிமன் வலதில் 24.1 மி.மீ.யிலிருந்து 18.9, இடதில் 24.4இலிருந்து 20.6. வலது காலில் இழப்பு கூடுதலாக இருப்பதற்குக் காரணம் நரம்பு அழுந்தியது. இதை மறைத்து இரண்டு கால்களின் சராசரியைப் போட்டால் மின் அக்குபங்சர் தீங்கு செய்தது போலத் தோன்றும். இடதை மட்டும் காட்டினால் காப்பாற்றியது போலத் தோன்றும்.

அழற்சி எண்கள்

அழற்சியைக் காட்டும் இரத்தப் புரதமான சிஆர்பி 3ஆம் நாள் 286, 6ஆம் நாள் 148, 10ஆம் நாள் 62 மி.கி./லிட்டர். பாக்டீரியாத் தொற்றைக் காட்டும் புரோகால்சிடோனின் 34, 6, 0.9. நார்அட்ரினலின் 6ஆம் நாள் நின்றது. பார்க்க அழகான சரிவு. ஆனால் சரிவு தொடங்குவது 4ஆம் நாள் காலை சீழ் வடித்ததோடு. முதல் மின்தூண்டல் அன்று மாலை, அதுவும் தசைத்தளர்த்தியின் பிடியில். ஆன்டிபயாடிக் சரியான கிருமிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஹைட்ரோகார்ட்டிசோன் நாளுக்கு 200 மி.கி. ஏறிக்கொண்டிருந்தது, அதுவே அழற்சியை அடக்கும் மருந்து. சிஆர்பியைத் தொடர் டயாலிசிஸும் பெரிதாக வடிகட்டாது என்பதால் அந்தக் குழப்பம் மட்டும் இல்லை. ஒற்றை நோயாளியின் சிஆர்பிக் கோட்டில் ஊசியின் பங்கைப் பிரித்தெடுக்க முடியாது. செப்சிஸில் மின் அக்குபங்சர் குறித்து வந்த மருத்துவ ஆய்வுகளில் பெரும்பாலானவை சீனாவில் நடந்தவை, சிறியவை, யாருக்கு ஊசி என்பது சிகிச்சையளிப்பவருக்குத் தெரிந்தே நடந்தவை. எலி ஆய்வின் உறுதியை அவற்றின்மேல் ஏற்றக் கூடாது.

மற்றவை

புரதம் 3ஆம் நாள் 48 கிராம், 6ஆம் நாள் முதல் 92 கிராம், அதாவது கிலோவுக்கு 1.3. இதைவிட ஏற்றினால் தசை நிற்கும் என்ற நம்பிக்கையை 2023இல் 1,301 நோயாளிகளிடம் நடந்த எஃபர்ட் ஆய்வு தளர்த்தியது: 2.2 கிராமுக்கு மேல் கொடுத்ததில் பலன் இல்லை, சிறுநீரகம் பழுதானவர்களுக்குத் தீங்கின் அறிகுறி. மயக்க மருந்தை 7ஆம் நாள் முதல் தினமும் நிறுத்திப் பார்த்தார்கள். இங்கே ஒரு நடைமுறைக் கவனம் தேவை: மயக்கம் குறையக் குறைய அதே மில்லிஆம்பியர் வலியாகிறது. 8ஆம் நாள் நோயாளி கண் திறந்து முகம் சுளித்ததும் தொடை அமர்வை 20 நிமிடத்திலிருந்து 10ஆகக் குறைத்து, அவர் தலையசைத்து ஒப்பிய அளவில் வைத்தார்கள். 11ஆம் நாள் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்த பிறகு தொடை ஊசியை நிறுத்திவிட்டார்கள். தானாக முழங்காலை நீட்டக்கூடியவருக்கு ஊசியால் துள்ளவைக்கத் தேவையில்லை. அந்த நேரத்தை இயன்முறை மருத்துவருக்குக் கொடுப்பது மேல்.

12ஆம் நாள் மூச்சுக்குழாய் எடுத்தார்கள். 14ஆம் நாள் தசைவலிமை மதிப்பெண் 60க்கு 44; 48க்குக் கீழ் என்றால் தீவிர சிகிச்சையால் வந்த தசைத் தளர்ச்சி. சோதித்த 12 தசைக் குழுக்களில் பத்துக்கு 4, இடது இடுப்பு மடக்கலுக்கு 3, வலது பாதம் தூக்கலுக்கு 1. வலது பாதம் இடதைப் போல 4 வாங்கியிருந்தாலும் மொத்தம் 47தான். தளர்ச்சி நரம்பு அழுந்தியதால் மட்டும் வந்தது என்று சொல்ல முடியாது. கைப்பிடி வலு 9 கிலோ, ஆண்களுக்கான 11 கிலோ வரம்புக்குக் கீழே.

அமர்வுத் தாள் அதற்குள் திருத்தப்பட்டிருந்தது. பழைய தாளில் புள்ளியின் பெயர், நேரம், குமிழ் எண் என்று மூன்று கட்டங்கள் மட்டும். புதியதில் நோக்கம் (அழற்சியா, தசையா), தோலிலிருந்து உறை வரையான தூரம், ஊசியின் ஆழம், நான்கு-துடிப்பு எண்ணிக்கை, வலது வாசல், இடது வாசல், கொடுத்த உச்ச மில்லிஆம்பியர், வலி மதிப்பு, அன்றைய நீர்க் கணக்கு, கால் கிடந்த நிலை, எண்ணி எடுத்த ஊசிகள். கடைசிக் கட்டத்துக்கு முந்தைய கட்டம் பிறகுதான் சேர்ந்தது. அதில் "வலது முழங்கால் வெளிப்புறம் கம்பியைத் தொடவில்லை" என்று ஒவ்வொரு நாளும் கைப்பட எழுத வேண்டும். டிக் போட இடம் வைக்கவில்லை. வலது பாதம் 6ஆம் வாரம் புவியீர்ப்பை எதிர்த்து மேலே எழுந்தது. பலகையைப் பகலில் கழற்றி, இரவில் மட்டும் கட்டச் சொன்னார்கள்.